பாராளுமன்றத்துக்கும் எல்லை உண்டு
சென்னையில் தொடங்கி கூடலூர் வரை வந்த ஒரு சட்ட வரலாறு

கல்லூரி சேரும் வயதில் பிள்ளைகள் உள்ள நம் ஜமாஅத் குடும்பங்கள் அனைத்துக்கும் மூன்று எழுத்துகள் நன்கு பரிச்சயமானவை. பி.சி.எம். என்பதே அது. பிற்படுத்தப்பட்ட வகுப்பு முஸ்லிம் என்பதன் சுருக்கம். சாதிச் சான்றிதழில் அந்த எழுத்துகள் சரியாக விழுந்திருக்கின்றனவா என்று பார்த்துப் பார்த்துத் திருத்தி வாங்கியவர்களும், உதவித்தொகை விண்ணப்பத்தோடு வேங்கிக்காலில் உள்ள மாவட்ட ஆட்சியர் அலுவலகப் படிகளில் ஏறி இறங்கியவர்களும் நம்மில் பலர். நூற்றுக்கு மூன்றரை இடம் என்னும் உரிமை அந்தச் சான்றிதழின் வழியாகவே நம் பிள்ளைகளை வந்தடைகிறது.

ஆனால் அந்த மூன்றரை எதன் மீது நிற்கிறது என்று கேட்டால், தமிழக அரசின் 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் மீது என்பதோடு பெரும்பாலோர் நிறுத்திக்கொள்வார்கள். அதற்கும் கீழே ஓர் அடித்தளம் உண்டு. அந்த அடித்தளத்தைப் பற்றிய கேள்வி, இந்தியப் பாராளுமன்றம் எதுவரை சட்டம் இயற்றலாம், எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்னும் பெரிய கேள்வியோடு பின்னிப் பிணைந்து கிடக்கிறது. அந்தப் பெரிய கேள்வி பிறந்ததும், பல்லாண்டு கழித்து முக்கியமான ஒரு விடையைப் பெற்றதும் நம் மாநிலத்து வழக்குகளில்தான். ஆகவே இதனை நம் வீட்டு வரலாறாகவே வாசிக்கலாம்.

இங்கிலாந்தில் பாராளுமன்றமே உச்ச அதிகாரம் படைத்தது. அது இயற்றிய சட்டத்தைச் செல்லாது என்று தள்ள அந்நாட்டு நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை. நம் நாட்டின் நிலை வேறு. இங்கே பாராளுமன்றமும் அரசியல் சாசனத்தின் பிள்ளையே. மத்திய அரசுக்குரிய பொருள்கள், மாநில அரசுக்குரியவை, இரண்டுக்கும் பொதுவானவை எனச் சாசனத்தின் ஏழாவது அட்டவணை மூன்று பட்டியல்களாகப் பிரித்துத் தந்திருக்கிறது. பிறர் பட்டியலுக்குள் கை நீட்டினால் அது முதல் அத்துமீறல். அடிப்படை உரிமைகளைப் பறிக்கும் அல்லது குறைக்கும் சட்டம் அந்த அளவுக்குச் செல்லாது என்று 13ஆவது பிரிவு சொல்கிறது. இது இரண்டாவது எல்லை. இவ்விரண்டும் சாசனத்திலேயே எழுதப்பட்டவை. இவற்றில் பெரிய தகராறு இல்லை. சாசனத்தையே திருத்திவிட்டால் என்ன ஆகும் என்பதில்தான் தகராறு எழுந்தது. வேலியைத் தாண்டக் கூடாது என்று சொன்னால், வேலியையே பிடுங்கி நட்டுவிடுகிறேன் என்று பாராளுமன்றம் சொல்லலாமா?

பதினான்கில் ஓர் இடம்

சென்னை மாகாணத்தில் நீதிக்கட்சி ஆட்சியில் 1921இல் முதல் வகுப்புவாரி அரசாணை பிறந்தது. பின்னர் அமைச்சர் எஸ். முத்தையா முதலியாரின் முயற்சியால் அது நடைமுறைக்கு வந்தபோது, அரசுப் பணியில் பன்னிரண்டு இடங்களுக்கு இரண்டு இடம் முஸ்லிம்களுக்கு என்றிருந்தது. 1947இல் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் ஆட்சியில் இந்தக் கணக்கு மாற்றப்பட்டது. பதினான்கு இடங்களில் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, அரிசனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியரும் இந்தியக் கிறித்தவரும் சேர்ந்து 1, முஸ்லிம்களுக்கு 1. மருத்துவக் கல்லூரியிலும் பொறியியல் கல்லூரியிலும் மாணவர்களைச் சேர்க்க இதே விகிதமே பின்பற்றப்பட்டது.

1950 ஜனவரி 26 அன்று அரசியல் சாசனம் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டில் செண்பகம் துரைராஜன் என்ற பெண்மணியும் சி.ஆர். சீனிவாசன் என்ற மாணவரும் சென்னை உயர்நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார்கள். செண்பகம் மருத்துவக் கல்லூரிக்கும், சீனிவாசன் பொறியியல் கல்லூரிக்கும் இடம் கோரினர். தாம் பிராமணராகப் பிறந்ததாலேயே இடம் மறுக்கப்படுகிறது என்பது அவர்கள் வாதம். செண்பகம் கல்லூரிக்கு விண்ணப்பமே போட்டிருக்கவில்லை. விசாரித்ததில் இடம் கிடைக்காது என்று தெரிந்ததால் நேராக நீதிமன்றம் வந்துவிட்டார் என்பதை உச்ச நீதிமன்றத் தீர்ப்பே பதிவு செய்திருக்கிறது. சாசன வரைவுக் குழுவில் இருந்த அல்லாடி கிருஷ்ணசாமி அய்யரே சீனிவாசனுக்காக உயர்நீதிமன்றத்தில் வாதாடினார் என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும்.

1950 ஜூலை 27 அன்று உயர்நீதிமன்றம் அரசாணை செல்லாது என்றது. தமிழகம் கொதித்தது. தந்தை பெரியார் ஆகஸ்ட் 14ஐ வகுப்புரிமை நாளாக அறிவித்துப் போராட்டத்தைத் தொடங்கினார். அரசு மேல்முறையீடு செய்தது. ஏழு நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு 1951 ஏப்ரல் 9 அன்று உயர்நீதிமன்றத்தின் முடிவையே உறுதி செய்தது. மதம், இனம், சாதி, மொழி ஆகிய காரணங்களால் மட்டும் எவருக்கும் அரசுக் கல்வி நிலையத்தில் இடம் மறுக்கக் கூடாது என்னும் 29ஆவது பிரிவுக்கு இந்த அரசாணை முரணானது என்பதே அதன் சாரம்.

செண்பகம் வழக்கை அறிந்தவர்கள் பலர். ஆனால் அதே நாளில் அதே நீதிபதிகள் அளித்த மற்றொரு தீர்ப்பு அதிகம் பேசப்படுவதில்லை. நம்மைப் பொறுத்தவரை அதுவே கூடுதல் முக்கியத்துவம் உடையது. வெங்கடரமணா என்பவர் மாவட்ட முன்சீப் பதவிகளுக்கான தேர்வை எதிர்த்துத் தொடுத்த வழக்கு அது. மொத்தம் 83 பதவிகள். அவற்றுள் அரிசனங்களுக்கு 19, முஸ்லிம்களுக்கு 5, கிறித்தவர்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 10, பிராமணரல்லாத இந்துக்களுக்கு 32, பிராமணர்களுக்கு 11 என்று பிரிக்கப்பட்டிருந்தன. அரசுப் பணியைப் பொறுத்தவரை பிற்பட்ட வகுப்பினருக்கு இடம் ஒதுக்கலாம் என்று சாசனத்தின் 16(4) பிரிவு தொடக்கம் முதலே அனுமதித்திருந்தது. ஆகவே அரிசனங்களுக்கும் பிற்பட்ட இந்துக்களுக்கும் ஒதுக்கிய இடங்கள் செல்லும், ஏனைய பங்கீடு செல்லாது என்று நீதிமன்றம் கூறிவிட்டது. நமக்கென்று இருந்த ஐந்து முன்சீப் இடங்கள் அன்று போயின.

முஸ்லிம் என்ற மதப் பெயரால் இனிப் பங்கு கேட்க முடியாது, கல்வியிலும் சமூக நிலையிலும் பின்தங்கிய வகுப்பு என்ற பெயரால்தான் கேட்க முடியும் என்னும் சட்ட நிலை இந்த இடத்தில் வேர் கொண்டது. நம் சான்றிதழில் முஸ்லிம் என்ற சொல்லுக்கு முன்னால் பிற்படுத்தப்பட்ட வகுப்பு என்ற சொற்கள் நிற்பதன் காரணம் இதுவே. ஆந்திராவில் 2004இலும் 2005இலும் முஸ்லிம்கள் அனைவருக்குமாக வழங்கப்பட்ட 5 சதவீத ஒதுக்கீட்டை அம்மாநில உயர்நீதிமன்றம் அடுத்தடுத்து ரத்து செய்ததையும் இதோடு சேர்த்து நினைத்துக்கொள்ளலாம்.

வேலியை மாற்றி நட்ட பாராளுமன்றம்

தீர்ப்பு வந்து பத்து வாரங்களே ஆகியிருந்தன. 1951 ஜூன் 18 அன்று சாசனத்தின் முதலாவது திருத்தம் சட்டமானது. பொதுத்தேர்தல் இன்னும் நடந்திராத காலம். அரசியல் நிர்ணய சபையே தற்காலிகப் பாராளுமன்றமாக அமர்ந்திருந்தது. பிற்பட்ட வகுப்பினருக்குக் கல்வியில் தனி ஏற்பாடு செய்யலாம் என்னும் 15(4) பிரிவு அந்தத் திருத்தத்தின் வழியே பிறந்தது. சென்னை வழக்கில் இழந்ததைத் தமிழகம் டெல்லியில் மீட்டது என்று நம் தலைவர்கள் பெருமையோடு சொல்வது இதைத்தான்.

அந்தத் திருத்தத்துக்குச் சென்னையிலிருந்து சென்ற மற்றொரு காரணமும் உண்டு. கிராஸ் ரோட்ஸ் என்னும் இதழைச் சென்னை அரசு தன் எல்லைக்குள் தடை செய்ததை 1950இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்திருந்தது. அதற்குப் பதிலாகப் பேச்சுரிமைக்குக் கூடுதல் கட்டுப்பாடுகள் விதிக்கும் அதிகாரமும் இதே திருத்தத்தில் சேர்க்கப்பட்டது. ஒரே திருத்தத்தில் நமக்கு உவப்பான பிரிவும் உவப்பில்லாத பிரிவும் அருகருகே வந்து அமர்ந்தன.

மூன்றாவது காரணம் பீகாரிலிருந்து வந்தது. ஜமீன் ஒழிப்புச் சட்டத்தைப் பாட்னா உயர்நீதிமன்றம் செல்லாது என்றதும், நிலச்சீர்திருத்தங்கள் அனைத்தும் நீதிமன்றங்களில் முடங்கிவிடுமோ என்று நேரு அரசு அஞ்சியது. ஆகவே ஒன்பதாவது அட்டவணை என்ற புதிய பகுதி ஒன்று சாசனத்தின் இறுதியில் ஒட்டப்பட்டது. இந்த அட்டவணையில் இடம்பெற்ற சட்டத்தை அடிப்படை உரிமைக்கு முரண் என்று சொல்லி எந்த நீதிமன்றமும் ரத்து செய்ய முடியாது. முதலில் அதில் இருந்தவை 13 சட்டங்கள். அவற்றுள் சென்னை மாகாணத்தின் எஸ்டேட் ஒழிப்புச் சட்டமும் அதன் திருத்தமும் அடக்கம். பின்னர் அந்த எண்ணிக்கை 284 வரை வளர்ந்தது. நிலச்சீர்திருத்தத்துக்கென்று கட்டிய கொட்டகையில் வேறு பல சரக்குகளும் ஏற்றப்பட்டன.

சாசனத் திருத்தமும் ஒரு சட்டம்தானே, அப்படியானால் அதற்கும் 13ஆவது பிரிவின் எல்லை பொருந்தாதா என்னும் கேள்வி உடனே எழுந்தது. பொருந்தாது என்று 1951 அக்டோபரில் சங்கரி பிரசாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. 1964இல் சஜ்ஜன் சிங் வழக்கிலும் பெரும்பான்மை அதையே சொன்னது. எனினும் இரண்டு நீதிபதிகள் ஐயம் எழுப்பினார்கள். ஒருவர் எம். ஹிதாயத்துல்லா, பின்னாளில் இந்தியாவின் முதல் முஸ்லிம் தலைமை நீதிபதியாக உயர்ந்தவர். மற்றவர் நீதிபதி முதோல்கர். சாசனத்துக்கு மாற்ற முடியாத அடிப்படை அம்சங்கள் சில உண்டா என்று கேட்ட முதோல்கர், அதற்கு எடுத்துக்காட்டாகச் சுட்டியது பாகிஸ்தான் உச்ச நீதிமன்றத்தின் 1963ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றை. ஃபஸ்லுல் காதர் சவுத்ரி வழக்கு அது. இடர்ப்பாடுகளை நீக்கும் அதிகாரத்தைக் கொண்டு சாசனத்தின் அடிப்படை அம்சத்தையே அதிபர் மாற்ற முடியாது என்று அங்கே கூறப்பட்டிருந்தது. பிற்காலத்தில் இந்திய ஜனநாயகத்தின் பெருங்காவலாகப் போற்றப்பட்ட ஒரு கோட்பாட்டின் விதைகளுள் ஒன்று டாக்காவில் தொடங்கிய ஒரு வழக்கிலிருந்து வந்தது என்பதை நம் அரசியல் மேடைகளில் யாரும் சொல்வதில்லை.

1967 பிப்ரவரி 27 அன்று கோலக்நாத் வழக்கில் ஆறுக்கு ஐந்து என்ற கணக்கில் நிலை தலைகீழாயிற்று. அடிப்படை உரிமைகளைப் பாராளுமன்றம் திருத்தத்தின் வழியாகவும் குறைக்க முடியாது என்றது நீதிமன்றம். இந்திரா காந்தி அரசு 1971இல் 24ஆவது திருத்தத்தின் மூலம் அதற்கு மறுப்பு எழுதியது. காசர்கோடு எடநீர் மடத்தின் தலைவர் கேசவானந்த பாரதி, கேரள நிலச்சீர்திருத்தச் சட்டத்தை எதிர்த்துத் தொடுத்த வழக்கு பதின்மூன்று நீதிபதிகள் முன் 68 நாட்கள் நடந்தது. 1973 ஏப்ரல் 24 அன்று ஏழுக்கு ஆறு என்ற நூலிழைப் பெரும்பான்மையில் தீர்ப்பு வந்தது. சாசனத்தின் எந்தப் பிரிவையும் பாராளுமன்றம் திருத்தலாம். ஆனால் அதன் அடிப்படைக் கட்டமைப்பைச் சிதைக்க முடியாது. அந்த ஏழாவது குரல் நீதிபதி எச்.ஆர். கன்னாவுடையது.

இத்தீர்ப்பின் அருமை நெருக்கடி நிலைக் காலத்தில் தெரிந்தது. பிரதமரின் தேர்தலை நீதிமன்றம் விசாரிக்கவே கூடாது என்று 1975இல் கொண்டுவந்த 39ஆவது திருத்தத்தின் அப்பகுதி அதே ஆண்டு நவம்பரில் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. தன் திருத்த அதிகாரத்துக்கு எல்லையே இல்லை என்று பாராளுமன்றம் 42ஆவது திருத்தத்தில் எழுதிக்கொண்டதையும் 1980 ஜூலை 31 அன்று மினர்வா மில்ஸ் வழக்கில் நீதிமன்றம் அகற்றியது. எல்லைக்குள் தரப்பட்ட அதிகாரத்தைக் கொண்டு எல்லையையே அழிக்க முடியாது என்ற எளிய நியாயமே அதன் அடிப்படை. ஊர் நடைமுறையில் நமக்கும் இது புரியும். ஜமாஅத் விதிகளின்படி தேர்ந்தெடுக்கப்பட்ட நிர்வாகம் விதிகளில் மாற்றம் கொண்டுவரலாம். இனித் தேர்தலே கிடையாது என்று விதியை மாற்றினால், அது விதி மாற்றம் ஆகாது.

கூடலூர்க் காடு

நீலகிரி மாவட்டத்தின் மேற்குச் சரிவில், கேரள எல்லையை ஒட்டி இருப்பது கூடலூர். வயநாட்டின் பகுதியாக இருந்து 1877இல் நீலகிரியோடு இணைக்கப்பட்ட பூமி. அங்குள்ள நிலத்தின் பெரும்பகுதி நிலம்பூர் கோவிலகத்தாரின் ஜன்ம உரிமையில் இருந்தது. ஜன்மம் என்றால் பரம்பரை முழு உடைமை. அவர்களிடமிருந்து குத்தகை பெற்றுத் தேயிலை, காப்பித் தோட்ட நிறுவனங்கள் நடந்தன; சிறு குடியானவர்களும் குடியேறிப் பயிர் செய்தனர். இந்த ஜன்ம எஸ்டேட்டுகளை ஒழித்து ரயத்துவாரியாக மாற்ற 1969இல் தமிழக அரசு ஒரு சட்டம் இயற்றியது.

தோட்ட நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன. 1972இல் பால்மாடீஸ் தோட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் சட்டத்தின் பெரும்பகுதியை ஏற்றுக்கொண்டது. ஆனால் காடுகளை அரசு எடுத்துக்கொள்வது விவசாயச் சீர்திருத்தம் ஆகாது என்று கூறி, அந்த அளவுக்குச் சட்டத்தைச் செல்லாது என்றது. பாராளுமன்றம் என்ன செய்தது? 1974இல் 34ஆவது திருத்தத்தின் மூலம் அந்தச் சட்டம் முழுவதையும், நீதிமன்றம் செல்லாது என்று சொன்ன பகுதியையும் சேர்த்து, ஒன்பதாவது அட்டவணைக்குள் வைத்துவிட்டது. செத்த பகுதிக்கு அட்டவணை உயிர் கொடுத்தது.

அந்த உயிர் செல்லுமா என்னும் கேள்வியே ஐ.ஆர். கோயலோ எதிர் தமிழ்நாடு அரசு என்னும் வழக்காக வளர்ந்தது. 1999 செப்டம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை ஒன்பது நீதிபதிகளுக்கு அனுப்பியது. 2007 ஜனவரி 11 அன்று தலைமை நீதிபதி ஒய்.கே. சபர்வால் தலைமையிலான அந்த அமர்வு ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. கேசவானந்த பாரதி தீர்ப்பு வந்த 1973 ஏப்ரல் 24க்குப் பிறகு ஒன்பதாவது அட்டவணையில் சேர்க்கப்பட்ட எந்தச் சட்டமும் கண்ணை மூடிக்கொண்டு பாதுகாக்கப்படாது. சமத்துவம், சுதந்திரம், உயிர் வாழும் உரிமை ஆகியவற்றின் சாரமான அடிப்படைக் கட்டமைப்பை அது சிதைக்கிறதா என்று நீதிமன்றம் உரைத்துப் பார்க்கும். ஏற்கெனவே செல்லும் என்று உச்ச நீதிமன்றம் முடிவு செய்துவிட்ட சட்டத்தை அதே காரணம் சொல்லி மீண்டும் கிளற முடியாது என்பது மட்டுமே விதிவிலக்கு.

வழக்காடியவர்களுக்கு என்ன கிடைத்தது? கோட்பாட்டை வகுத்த ஒன்பது நீதிபதிகள், தனித்தனி வழக்குகளைச் சிறிய அமர்வுக்கு அனுப்பினார்கள். 2010 செப்டம்பர் 9 அன்று கிளென்ராக் எஸ்டேட் வழக்கில், கூடலூர்ச் சட்டத்தை அட்டவணையில் சேர்த்தது அடிப்படைக் கட்டமைப்பைச் சிதைக்கவில்லை, காடு அரசுக்கே என்று முடிவாயிற்று. தோட்டத்தார் கோட்பாட்டில் வென்று காட்டில் தோற்றார்கள். பாராளுமன்றத்துக்கோ காடு கிடைத்தது, கேள்வி கேட்பாரற்ற அட்டவணை போயிற்று.

அறுபத்தொன்பதும் மூன்றரையும்

கூடலூர்க் காட்டு வழக்கு நம் சான்றிதழைத் தொடும் இடம் இனி வருகிறது.

1992 நவம்பர் 16 அன்று மண்டல் வழக்கில், அசாதாரண நிலை இருந்தாலன்றி மொத்த இட ஒதுக்கீடு 50 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. தமிழகத்தில் அப்போது நடைமுறையில் இருந்தது 69 சதவீதம். பிற்படுத்தப்பட்டோருக்கு 30, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கும் சீர்மரபினருக்கும் 20, ஆதிதிராவிடருக்கு 18, பழங்குடியினருக்கு 1. ஜெயலலிதா தலைமையிலான அரசு இதற்கெனச் சட்டமியற்றி, 1994 ஜூலையில் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. ஆகஸ்ட் 31 அன்று 76ஆவது திருத்தத்தின் மூலம் அந்தச் சட்டம் ஒன்பதாவது அட்டவணையில் இடம்பெற்றது. எல்லாக் கட்சிகளும் ஒன்றாக நின்ற அபூர்வமான தருணம் அது.

2007 செப்டம்பரில் கலைஞர் அரசு பிற்படுத்தப்பட்டோரின் 30 சதவீதத்துக்குள் முஸ்லிம்களுக்கு 3.5, கிறித்தவர்களுக்கு 3.5 என உள் ஒதுக்கீடு வழங்கியது. கிறித்தவர்கள் தமக்கு அதனால் நட்டமே என்று கருதியதால் 2008இல் அவர்கள் பங்கு விலக்கிக்கொள்ளப்பட்டது. நம் பங்கு நிலைத்தது. மதத்தின் பெயரால் அல்லாமல், பிற்பட்டோர் பட்டியலில் உள்ள லெப்பை, ராவுத்தர், மரைக்காயர், தக்கனி முஸ்லிம், மாப்பிள்ளை, துதேகுலா, அன்சார், ஷேக், சையத் ஆகிய பிரிவினருக்கு என்று அது வகுக்கப்பட்டது. 1951இன் பாடத்தை அரசு மறக்கவில்லை என்பது இதிலிருந்து தெரியும். 1947இல் பதினான்கில் ஒன்று, அதாவது நூற்றுக்கு ஏழு என்றிருந்தது, அறுபது ஆண்டு கழித்து அதில் பாதியாக, வேறு பெயரில் திரும்பி வந்தது. பொதுப் போட்டி இடங்களிலும் நம் பிள்ளைகள் பங்கேற்கலாம் என்பதால் இரண்டையும் அப்படியே ஒப்பிட முடியாதுதான். எனினும் கணக்கைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

ஆக, மூன்றரை முப்பதுக்குள் இருக்கிறது. முப்பது அறுபத்தொன்பதுக்குள் இருக்கிறது. அறுபத்தொன்பது ஒன்பதாவது அட்டவணைக்குள் இருக்கிறது. அது 1973 ஏப்ரலுக்குப் பிறகு நுழைந்த சட்டம். ஆகவே கூடலூர் வழக்கில் வகுத்த உரைகல் இதற்கும் உண்டு. 69 சதவீதச் சட்டத்தை எதிர்த்துத் தொடுத்த வழக்குகள் 1994 முதலே இருந்தன. அதனால் இடம் இழந்ததாகச் சொன்ன மாணவர்களுக்குக் கூடுதல் இடம் உருவாக்கித் தருமாறு உச்ச நீதிமன்றம் பல ஆண்டுகள் இடைக்கால உத்தரவுகள் பிறப்பித்து வந்தது. 2010 ஜூலை 13 அன்று அந்த வழக்குகளை முடித்தபோது, 50ஐத் தாண்டுவதானால் அதற்குரிய புள்ளிவிவரங்களைப் பிற்படுத்தப்பட்டோர் ஆணையத்தின் முன் வைத்து மறுபரிசீலனை செய்யுமாறு கூறி, அதுவரை ஓராண்டுக்கு 69 தொடர அனுமதித்தது. ஆணையத்தின் அறிக்கையைப் பெற்றுத் தமிழக அரசு 2011 ஜூலையில் 69ஐத் தொடர முடிவு செய்தது. பிற மாநில நிகழ்வுகளும் கவனத்துக்குரியவை. மராத்தா ஒதுக்கீடு 50 சதவீத வரம்பை மீறுகிறது என்று 2021 மே 5 அன்று ரத்தாயிற்று. ஆனால் முன்னேறிய வகுப்பு ஏழைகளுக்கான 10 சதவீதத்தை 2022 நவம்பர் 7 அன்று மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் ஏற்ற அதே உச்ச நீதிமன்றம், 50 என்பது வளையவே முடியாத கோடு அன்று என்றும் சொல்லிவிட்டது.

இரு பக்கமும் வெட்டும் வாள்

பாராளுமன்றத்தின் அதிகாரத்துக்கு எல்லை வேண்டுமா, வேண்டாமா? 69 சதவீதத்தை மட்டும் பார்த்தால், எல்லை இல்லாதிருப்பதே நமக்கு நன்மை என்று தோன்றும். இதே கேள்வியை வக்ஃபு சொத்தின் பக்கம் நின்று கேட்டால் விடை மாறிவிடும்.

வக்ஃபு வரலாற்றிலும் இந்தத் திருப்பம் உண்டு. குடும்பத்தாருக்குப் பயன் தரும் வக்ஃபுகள் செல்லாது என்று 1894இல் லண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தபோது, சமுதாயம் சட்டமன்றத்தின் உதவியை நாடியது. ஜின்னா கொண்டுவந்த மசோதா 1913இல் சட்டமாகி அந்தத் தீர்ப்பின் விளைவை நீக்கியது. அன்று நீதிமன்றத்திடமிருந்து நம்மைக் காத்தது சட்டமன்றம். 2025 ஏப்ரலில் பாராளுமன்றம் வக்ஃபு திருத்தச் சட்டத்தை நிறைவேற்றியபோது, சமுதாயமும் தமிழகத்தின் பல கட்சிகளும் பாராளுமன்றத்திடமிருந்து காக்கும்படி நீதிமன்றத்துக்குச் சென்றோம். அறநிலையங்கள் பொதுப்பட்டியலில் இருப்பதால் இப்பொருளில் சட்டமியற்றப் பாராளுமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. ஆகவே வாதம் 14, 25, 26 ஆகிய பிரிவுகளின் அடிப்படை உரிமைகளைச் சுற்றியே அமைந்தது. 2025 செப்டம்பர் 15 அன்று வந்த இடைக்கால உத்தரவு, சட்டம் முழுவதற்கும் தடை விதிக்க மறுத்தது. ஐந்தாண்டு இஸ்லாத்தைப் பின்பற்றியவரே வக்ஃபு செய்யலாம் என்னும் நிபந்தனையை, அதற்கான விதிகள் வகுக்கப்படும் வரை நிறுத்தி வைத்தது. அரசு அதிகாரியின் விசாரணையைக் கொண்டே சொத்தின் வக்ஃபுத் தன்மையை மாற்றும் பிரிவுகளையும் நிறுத்தியது. மத்தியக் கவுன்சிலின் 22 பேரில் முஸ்லிமல்லாதோர் நான்கு பேருக்கும், மாநில வாரியத்தின் 11 பேரில் மூன்று பேருக்கும் மிகக் கூடாது என்றது. நெடுங்காலப் பயன்பாட்டால் வக்ஃபு ஆகும் என்னும் வழக்கத்தை இனி வருங்காலத்துக்கு நீக்கிய பிரிவு தடையின்றி நின்றது.

அரசியல் நிர்ணய சபையில் 1948 நவம்பர் 23 அன்று காயிதே மில்லத் இஸ்மாயில் சாகிப் கேட்டதும் இத்தகைய ஓர் எல்லையைத்தான். பொது சிவில் சட்டம் பற்றிய பிரிவு விவாதத்துக்கு வந்தபோது, எந்தச் சமூகமும் தன் தனியார் சட்டத்தைக் கைவிடும்படி கட்டாயப்படுத்தப்படக் கூடாது என்னும் வாசகத்தைச் சேர்க்க அவர் திருத்தம் முன்மொழிந்தார். அது ஏற்கப்படவில்லை. சாசனத்திலேயே எழுதப்பட்ட எல்லை கிடைக்காத சிறுபான்மைக்கு, எஞ்சியிருக்கும் பொது எல்லைகளே அரண். எண்ணிக்கையில் சிறியவர்கள் எண்ணிக்கையால் நடக்கும் மன்றத்துக்கு எல்லை இருக்க வேண்டும் என்றே விரும்புவார்கள். அந்த எல்லை 69ஐயும் உரைத்துப் பார்க்கும் என்றால், உரைகல்லில் தேறும்படி நம் பக்கத்து ஆதாரங்களைத் திரட்டுவதே வழி என்பது என் கருத்து.

2010இல் நீதிமன்றம் கேட்டது ஆதாரத்தைத்தான். நம் பிரிவினரில் எத்தனை பேர் பட்டம் பெற்றார்கள், எத்தனை பேர் அரசுப் பணியில் இருக்கிறார்கள், எத்தனை பேர் பள்ளிப்படிப்பை முடிக்காமல் கடைக்கும் பட்டறைக்கும் சென்றார்கள் என்பதை ஆணையத்தின் முன் எண்களாக வைக்க வேண்டும். 2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதி விவரமும் சேகரிக்கப்படும் என்று மத்திய அரசு 2025 ஏப்ரல் 30 அன்று அறிவித்தது. கணக்கெடுப்பாளர் வரும்போது இஸ்லாம் என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ளும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. மார்க்கத்தில் பிரிவு இல்லை என்னும் நல்லெண்ணமே அதற்குக் காரணம். ஆனால் பிற்பட்டோர் பட்டியலில் இருப்பது லெப்பை, தக்கனி, ஷேக் முதலான பெயர்கள், பி.சி.எம். சான்றிதழும் அந்தப் பெயர்களைக் கொண்டே வழங்கப்படுகிறது.